செபப் புத்தகத்தில் ஒரு கணக்குச் சீட்டு

நம் தாய்மார்களின் செபப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வாங்கிய நாளில் ஒரு விரற்கடை தடிமன் இருந்த புத்தகம் இருபது, முப்பது ஆண்டுகளில் இரு விரற்கடை ஆகிவிடும். ரப்பர் வளையம் போட்டால்தான் மூடி நிற்கும். உள்ளே புதுநன்மை வாங்கிய நாளின் நினைவுப்படம் இருக்கும். ஊர்க்காரர் ஒருவர் குருப்பட்டம் பெற்றபோது தந்த அட்டை, இறந்துபோன மாமனாரின் நினைவு அட்டை, எந்த ஆண்டென்று தெரியாத குருத்தோலைக் கீற்று ஆகியவையும் இருக்கும். இவற்றுக்கு நடுவே உவரிக்குப் போய் வந்த பேருந்துச் சீட்டு, மகன் விடுதியிலிருந்து எழுதிய இன்லாண்டுக் கடிதம், குற்றாலத்து அருவிக்கரையில் எடுத்த புகைப்படம் என்று செபத்தோடு தொடர்பில்லாத பலவும் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகள் பசை தடவி ஒட்டி ‘ஸ்கிராப் புக்’ என்று ஆசிரியரிடம் காட்டுவதை, நம் அன்னையர் பெயர் வைக்காமலேயே வாழ்நாள் முழுவதும் செய்து வந்திருக்கிறார்கள்.

எம் அன்னையார் 2009-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாளே பங்கில் கொடியேற்றம். அவசரமாகப் புறப்பட வேண்டியிருந்தது. அன்னையின் செபப் புத்தகத்தை நினைவாக எடுத்துக்கொள்ள விரும்பினோம். அது பெட்டிக்குள் அடங்குவதாக இல்லை. எனவே முற்றத்தில் அமர்ந்து அதை உதறினோம். புனிதர்களின் படங்களைத் தனியே எடுத்து வைத்தோம். அவற்றைக் கண்ட இடத்தில் போடலாகாது என்பது நமக்குத் தெரியும். மற்றவை வெறும் காகிதம் என்று எண்ணி வெந்நீர் அடுப்பில் இட்டோம். பத்து நிமிட வேலை.

ஒரு மாதம் கழித்துத் தமக்கையார் வந்தார். “தம்பி, அம்மா புஸ்தகத்துக்குள்ள அப்பா எழுதுன கணக்குச் சீட்டு ஒண்ணு உண்டுமே, அதை எனக்குத் தா” என்றார்.

1977-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் குடும்பம் குற்றாலத்துக்குப் போன ஒரு நாளின் செலவுக் கணக்கு அது. தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். எதையும் எழுதி வைப்பவர். ஆனால் கணக்கைத் தவிர வேறொன்றும் எழுதாதவர். இரயில் கட்டணம், காப்பி, மங்குஸ்தான் பழம், அதற்கும் கீழே ‘சின்னவனுக்கு ஊதல் – 25 காசு’ என்று இருந்ததாம். சின்னவன் என்பது எங்கள் கடைசித் தம்பி. அதற்கடுத்த ஆண்டு காய்ச்சலில் இறந்துபோனான். அப்போது அவனுக்கு நான்கு வயது. அவனுக்குப் புகைப்படம் கிடையாது. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு வரியும் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரியும் உண்டு. அவன் விளையாட்டுப் பிள்ளையாக இருந்தான் என்பதற்குச் சாட்சி அந்த 25 காசு ஒன்றுதான். அதைத்தான் நாம் எரித்திருந்தோம்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த காலத்தில் புனித சவேரியாரைப் பற்றிய ஒரு செய்தி நம் காதில் விழுந்திருந்தது. அன்று அதில் மனம் தங்கவில்லை. அடுப்பு அணைந்த பிறகுதான் தங்கியது.

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், 1544-இல் தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து அடுத்தடுத்து மடல்கள் எழுதினார். நம் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அம்மடல்களில் பெரிய இறையியல் ஒன்றும் இல்லை. இன்ன ஊருக்குப் போ, இன்னாரிடம் பணத்தைக் கொடு, பொறுமையாய் இரு என்பன போன்ற அன்றாடச் செய்திகளே மிகுதி. மான்சிலாசு பின்னாளில் இயேசு சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆயினும் அவருக்கு வந்த மடல்கள் காக்கப்பட்டன. அவை இல்லாவிடில் அந்தக் கடற்கரையின் 1544-ஆம் ஆண்டைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும்.

நாம் சொல்ல வந்த செய்தி இதற்குப் பிந்தியது. சவேரியார் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு, மலாக்கா வழியாகக் கீழைத்தீவுகளுக்குச் சென்றார். 1546-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் அம்போய்னாத் தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தோழர்களுக்கு எழுதிய மடலில் தம்மைப் பற்றி ஒன்றைத் தெரிவிக்கிறார். தோழர்கள் தமக்கு எழுதிய மடல்களிலிருந்து அவரவர் கையாலேயே எழுதிய பெயர்களைக் கத்தரித்து எடுத்து, தம் வார்த்தைப்பாட்டு ஏட்டோடு சேர்த்து எப்போதும் உடன் வைத்திருப்பதாகவும், அதில் தமக்கு ஆறுதல் கிடைப்பதாகவும் கூறுகிறார். 1552-இல் சீனக் கரையோரத்தில் அவர் இறந்தபோதும் அந்தச் சிறு கூடு அவரிடம் இருந்தது.

கடல் கடந்து அலைகிறவர் கடிதக் கட்டைச் சுமக்க முடியாது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவரும் ஒரு நாள் கத்தரியோடு உட்கார்ந்திருக்கிறார். கருத்துகளை விட்டார், பெயர்களை வைத்துக்கொண்டார். நாமோ படங்களை வைத்துக்கொண்டு கையெழுத்தை விட்டோம்.

பெயர் போய்விட்டால் பொருள் எவ்வளவு ஊமையாகிவிடும் என்பதைக் காண நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டு செருமானியரான யாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு தாழிக்குள் பொன் பட்டத்தோடு கிடந்தவர் யார், அவரை அழுது அடக்கியவர் யார், அவர் எந்த அருவியில் குளித்தார் என்று கேட்டால் விடை இல்லை. அறிஞர்கள் அத்தாழிகளின் காலத்தைக் கணிக்கலாம். கிடந்தவரைப் பெயர் சொல்லி அழைக்க யாராலும் இயலாது.

யோசுவா நூலில் ஒரு காட்சி உண்டு. யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து நிறுத்துகிறார்கள். பிற்காலத்தில் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்பது கட்டளை. இதை விளக்கும்போது நாம் கற்களைப் பற்றியே நெடுநேரம் பேசிவிடுகிறோம். கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெரியவரும் இல்லாவிட்டால் அவை ஆற்றுக் கற்கள்தாம்.

எழுதி வைப்பதில் திருச்சபை பின்தங்கியதன்று. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் திருமணங்களைப் பங்குக் குருக்கள் ஏட்டில் பதிய வேண்டும் என்று விதித்தது. அந்த ஒழுங்கின் பயனாகவே இன்று பாட்டனாரின் திருமுழுக்குச் சான்று கேட்டு வருகிறவர்களுக்கு நாம் எடுத்துக் கொடுக்க முடிகிறது. கரையான் விட்டுவைத்த ஏடாக இருந்தால் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் அவர்களோடு சேர்ந்து வருந்துகிறோம். ஆனால் பங்கின் ஏட்டில் ஒரு மனிதர் நீரில் நுழைவதும் மோதிரம் மாற்றுவதும் மண்ணில் இறங்குவதும் மட்டுமே உண்டு. இடையில் கிடக்கும் அறுபது ஆண்டுகளும் வீட்டாரின் பொறுப்பு.

வீட்டார் எழுதி வைத்த தமிழ் ஏடுகள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு உலகம் அறிந்தது. துய்ப்ளேக்சின் அரசியலோடு வீட்டு விசேடங்களும் நல்ல சகுனமும் கெட்ட கனவும் அதில் கலந்து கிடக்கின்றன. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல்தான் அது வெளியாருக்குத் தெரிய வந்தது. அதுவரை குடும்பத்தார் அதைக் குப்பை என்று நினைக்காமல் இருந்தார்கள் என்பதே பெரிது. நம் நெல்லைச் சீமையிலும் ஒருவர் உண்டு. சீர்திருத்தச் சபையில் உபதேசியாராய் இருந்த சவரிராய பிள்ளை (1801–1874) எழுதி வைத்தவற்றை அவர் வழிவந்தோர் ‘சவரிராய பிள்ளை வம்ச வரலாறு’ என்று பாளையங்கோட்டையில் அச்சிட்டனர். ஆராய்ச்சியாளர் ஆ. சிவசுப்பிரமணியன் அவரைப் பற்றித் தனி நூலே தந்திருக்கிறார். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய திருநெல்வேலியின் சமூக வாழ்வை அறிய விரும்புவோர் இன்று அந்தக் குடும்ப ஏட்டைத் தேடிப் போகின்றனர். சபை வேறாயினும் பெயர் சவேரியாரின் பெயர் என்பதை நாம் ஒரு சிறு மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறோம்.

விடுமுறை என்று ஒன்றை எடுத்துக் குடும்பமாக ஊர் பார்க்கப் போகும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையதன்று. முன்னோர் பயணம் செய்ததெல்லாம் திருவிழாவுக்கும் நேர்ச்சைக்கும் துக்க வீட்டுக்கும்தான்; வண்டி கட்டி, கட்டுச்சோற்றோடு போய் வந்தார்கள். இயற்கை அழகைக் காண்பதற்கென்றே வந்தவர்களில் ஆங்கிலேய ஓவியர்களான டேனியல் இருவர், அதாவது தாமசும் அவர் அண்ணன் மகன் வில்லியமும், முற்பட்டவர்கள். 1792-இல் நம் பகுதிக்கு வந்து பாபநாசம் அருவியை வரைந்து சென்றனர். அந்தப் படம் பின்னர் இலண்டனில் அச்சாயிற்று. ஓவியம் வரையத் தெரியாதவர்களுக்கு இரயில் வண்டி வழி செய்தது. யாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அதே 1876-இல் திருநெல்வேலிக்கு இரயில் வந்தது. 1879-இல் கால் அணா அஞ்சலட்டை வந்தது. 1903-இல் இருப்புப்பாதை சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை நீண்டது. ஒரு நாளில் குற்றாலம் போய்த் திரும்புவது ஆசிரியர் சம்பளத்துக்கும் எட்டிற்று. அந்தக் கெட்டி அட்டைச் சீட்டும் தபால் முத்திரையும் பார்த்தவுடன் தூக்கி எறிய மனம் வராத பொருள்களாக இருந்தன.

மேலைநாட்டில் அப்போது ஒட்டுப்புத்தகம் பெரும் மோகமாகவே இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன், தாளிலேயே பசை பூசி, ஈரமாக்கினால் ஒட்டிக்கொள்ளும் ஏடு ஒன்றுக்கு 1873-இல் காப்புரிமை பெற்று நன்றாக விற்கவும் செய்தார். 1888-இல் கோடாக் நிழற்படக் கருவி வந்தது. நம் ஊர்களுக்கு இவை வந்து சேர வெகு காலம் ஆயிற்று. எங்கள் வீட்டில் கடைசி வரை நிழற்படக் கருவி வரவில்லை. 1977-இல் பேரருவிக்கருகே ஒருவர் படம் எடுத்துக்கொண்டு, தபாலில் அனுப்புவதாக முகவரி கேட்டாராம். தந்தையார் விலையைக் கேட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். அவரைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை.

இவற்றையெல்லாம் நாம் நினைத்துப் பார்க்க நேர்ந்தது 2023-ஆம் ஆண்டு திசம்பர் வெள்ளத்திற்குப் பின்னர். 17, 18 தேதிகளில் பெய்த மழை அனைவருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில் திருவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. தண்ணீர் வடிந்ததும் அரிசியும் போர்வையும் கொடுக்கும் பணியில் இருந்தோம். கரையோர வீடு ஒன்றில் வயதான அம்மா ஒருவர் அரிசியை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, சேறு சொட்டும் ஒரு புகைப்பட ஆல்பத்தை நீட்டினார். “சாமி, இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா?” என்றார். கைப்பேசியும் வெள்ளத்தில் போயிற்று. அதிலிருந்த படங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சில வாரங்கள் பங்கு இல்லத்துக் கூடமே ஈரப் படங்களால் நிறைந்தது. செய்து பார்த்ததில் அறிந்தவற்றைச் சொல்கிறோம். கறுப்புத் தாளில் மூலை ஒட்டி செருகி வைத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் பிழைத்தன. 1980-களில் பெருவழக்காய் இருந்த, பசைத் தாளின் மேல் பிளாஸ்டிக் உறை மூடும் ஆல்பங்களில் வைத்தவையே அதிகம் கெட்டன. உறையை உரிக்கையில் முகமும் கூடவே வந்துவிட்டது. ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி, ஒன்றோடொன்று தொடாமல், முகம் மேலாக நிழலில் உலர்த்த வேண்டும். காய்ந்து ஒட்டிக்கொண்டதைப் பிய்க்கக் கூடாது. மறுபடி ஊற வைத்துப் பிரிக்கலாம். பின்புறம் பென்சிலால் எழுதியிருந்தவை அப்படியே நின்றன. மைப் பேனாவால் எழுதியவை கரைந்தோடின. ஆனால் பெரும்பாலான படங்களின் பின்புறம் எதுவுமே எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த அம்மாவே ஒரு படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “வேளாங்கண்ணி போனப்ப எடுத்தது, இந்தப் பிள்ளை யாருன்னுதான் தெரியல” என்றார்.

நாம் அன்றிரவே தமக்கையாருக்குத் தொலைபேசியில் பேசினோம். 2024-ஆம் ஆண்டு மே விடுமுறையில், பேரப்பிள்ளைகள் வந்திருந்த சமயம், அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். கடையில் நல்ல கெட்டித் தாளில் தைத்த நீளக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கினோம். எங்கள் குடும்பம் சேர்ந்து போன பயணங்களை அதில் சேர்ப்பதென்று முடிவாயிற்று. எண்ணிப் பார்த்தால் ஐந்தே பயணங்கள். மைதாப் பசை காய்ச்சும்போது தமக்கையார் சிறிது மயில்துத்தம் சேர்த்தார். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சிக்கு அப்படிச் செய்வதைத் தந்தையாரிடம் பார்த்திருக்கிறார். வெறும் மாவுப் பசையென்றால் இராமபாணப் பூச்சி விருந்துக்கு வந்துவிடும். அது நஞ்சாகையால் பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. செல்லோடேப்பை நாம் தடுத்தோம். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, தாளையும் கெடுத்துவிட்டு உரிந்துவிடும். பேரன் தன் பங்குக்கு அந்த வாரம் வாங்கிய பேருந்துச் சீட்டைக் கொண்டுவந்தான். இப்போதைய இயந்திரச் சீட்டில் எழுத்து வெப்பத்தால் விழுவது. இரண்டு மூன்று ஆண்டில் வெள்ளைத் தாளாகிவிடும். எனவே அதன் செய்தியைக் கீழே அவன் கையாலேயே எழுதச் சொன்னோம்.

குற்றாலப் பக்கம் வந்தபோது தகராறு தொடங்கியது. தென்காசியில் இறங்கிக் குதிரை வண்டியில் போனோம் என்பது தமக்கையார் கட்சி. பேருந்தில், அதுவும் நின்றுகொண்டே போனோம் என்பது நம் நினைவு. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, நமக்கு ஏழு. ஆகவே அவர் சாட்சியமே வலியது என்றார். நாம் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் இருவர் சொன்னதையும் அவரவர் பெயரிட்டு அடுத்தடுத்து எழுதினோம். நற்செய்தியாளர் நால்வரையும் ஒருவராக்காமல் விட்ட திருச்சபையின் அறிவு நமக்கும் கொஞ்சம் வேண்டுமல்லவா?

அந்தப் பாதையைப் பற்றி ஒரு குறிப்பும் சேர்த்தோம். நாங்கள் போன மீட்டர் பாதை இப்போது இல்லை. அகலப் பாதையாகி 2012-இல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே ஆற்றைக் கடக்கையில் சின்னவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான் என்று தமக்கையார் சொன்னார். குற்றாலத்தில் விழுகிற தண்ணீரும் சிற்றாறாய் ஓடிச் சீவலப்பேரியில் இதே தாமிரபரணியில்தான் சேருகிறது என்று பேத்திக்கு விளக்கினோம். அவள் நீல வண்ணத்தில் அதை வரைந்தாள். சீவலப்பேரி சற்று இடம் மாறிப்போனது, திருத்தவில்லை.

கணக்குச் சீட்டின் முறை வந்தது. அதில் இருந்தவை முழுவதும் தமக்கையாருக்கு மனப்பாடம். தந்தையாரின் எழுத்து தமக்கும் வருமென்றும், பழைய தாள் ஒன்றில் அப்படியே எழுதி ஒட்டிவிடலாமென்றும் சொன்னார். அவருடைய ஆசை நமக்குப் புரிந்தது. ஆனாலும் இசைய முடியவில்லை. நாற்பது ஆண்டு கழித்து அதைக் காண்பவர் தந்தையாரே எழுதியதென்று நம்புவார். அந்த ஒரு பொய் ஏட்டின் மற்றப் பக்கங்களையும் கெடுத்துவிடும். தமக்கையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சீட்டின் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளைத் தாமே கத்தரித்து, நடுப்பக்கத்தில் ஒட்டினார். அதன் கீழே, அவருக்கு நினைவிருந்த செலவுகளை அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். சீட்டு இருந்த இடத்தையும், அதை எரித்தவர் பெயரையும், 2009 என்னும் ஆண்டையும் சேர்த்தே எழுதினோம். கடைசி வரியாக ஊதல் வந்தது.

மறுநாள் காலை பேத்தி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நடுப்பக்கத்தில் நின்று, “ஆச்சி, இங்க எதுக்கு வெறும் தாள் ஒட்டியிருக்கு?” என்று கேட்டாள். தமக்கையார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளருகே போய் உட்கார்ந்தார்.